பூவராகனின் பாறை ஏறும் லாரி

ஒரு காட்டில், சுற்றுலா வந்தவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போன மறுநாள் காலை, பூவராகன் என்ற முள்ளம்பன்றிக்கு ஒரு லாரி கிடைத்தது. பொம்மை லாரிதான். ஆனால் கதவு, கண்ணாடி, பின்னால் சரக்குத் தொட்டி என்று எல்லாம் நிஜ லாரியைச் சுருக்கி வைத்தது போல இருந்தது. பக்கத்திலேயே ரிமோட்டும், வெயிலில் வைத்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு தகடும் கிடந்தன.

பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் இருந்தது. அவன் வளை இந்தப் பக்கம், கிழங்கு விளையும் மேடு அந்தப் பக்கம், நடுவில் வழுக்குப்பாறை. போன மழைக்காலத்தில் கிழங்கோடு வந்த அவன் மனைவி செங்கமலம் அதில் சறுக்கி விழுந்தாள். பிசகிய பின்னங்கால் இன்னும் சரியாகவில்லை. சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

"இனிமே நீ ஒரு கிழங்குகூடத் தூக்க வேண்டாம், செங்கமலம். எல்லாத்தையும் இது தூக்கும்."

"நெசமாவா?" என்று செங்கமலம் லாரியின் முகப்பைத் தடவிப் பார்த்தாள்.

அன்றைக்கே நாலு கிழங்கை ஏற்றிப் பாறையில் விட்டார்கள். லாரி பாதி ஏறியது. பிறகு முன்சக்கரங்கள் மேலே தூக்க, மல்லாக்க விழுந்தது. கிழங்குகள் உருண்டு ஓடையில் போய் விழுந்தன.

"பாதி தூரம் வந்துச்சுல்ல? மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் செங்கமலம். அவளுக்கு அதுவே பெரிய நிம்மதி.

பூவராகன் காதில் அது விழவில்லை. அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாலு சக்கரத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வளைக்குள் உட்கார இடமில்லை. டவுனுக்குப் போய்வரும் காகம் ஒன்று, கேட்டதைக் கொண்டுவந்து போட்டது. கேட்காமலே யோசனையும் சொன்னது. "டயர் கல்லு மாதிரி இருக்கு. மெத்துமெத்துன்னு இருந்தாத்தான் பாறையைக் கவ்வும்" என்றது. டயர் மாறியது. "முன்னாடி கனம் பத்தலை" என்றது. முன்சக்கரங்களுக்குள் ஈயக்குண்டு போனது. பேட்டரி பின்னாலிருந்து முன்னால் வந்தது. ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினாலும் மறுபக்கம் இழுக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகப் பூட்டினான். மோட்டாரில் சின்னப் பல்சக்கரத்தை மாட்டினான். வேகம் குறையும், இழுவை கூடும். அச்சாணிக்குத் தன் முதுகு முள்ளையே பிடுங்கச் சொன்னான். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள்.

கடைசியில் ஒருநாள் லாரி வழுக்குப்பாறையில் ஏறியது. ஒவ்வொரு சக்கரமும் கல்லைத் தொட்டுப் பார்த்து, அமுங்கி, பிடித்து, அடுத்த கல்லுக்குப் போனது. உச்சியில் போய் நின்றபோது பூவராகனுக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது.

செங்கமலம் சந்தோஷமாகப் போய்த் தொட்டியில் ஒரு கிழங்கை வைத்தாள்.

"எடு! எடு அதை! பின்னால பாரம் ஏறுனா முன்சக்கரம் தூக்கிடும்!"

"பாரம் ஏத்தாத லாரி எதுக்குங்க?"

"ஏறுது பாத்தேல்ல?"

அவள் கிழங்கை எடுத்துத் தன் முதுகிலேயே வைத்துக்கொண்டாள். அதன் பிறகு தினமும் காலையில் லாரி முன்னால் போகும். ரிமோட்டோடு பூவராகன் பின்னால் போவான். முதுகில் கிழங்கும் கழுத்தில் உபரி பேட்டரியுமாகச் செங்கமலம் அவனுக்கும் பின்னால் போவாள்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் தையல்நாயகி என்ற ஆமை வனப் பஞ்சாயத்தில் போய்ச் சொன்னாள். தலைவி மங்களேஸ்வரி ஒரு கரடி. நல்ல மனசு, அவசர புத்தி. உடனே யானைகளைக் கூப்பிட்டு, பாறையைச் சுற்றிக்கொண்டு போகும்படி மண்ணை மிதித்துச் சமதரையாக ஒரு பாதை போட வைத்தாள். காடே அதில் நடந்தது. செங்கமலம் வேலை ஒன்றும் இல்லாமலே இரண்டு தடவை போய்வந்தாள்.

பூவராகனும் லாரியை அதில் இறக்கினான். லாரி "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு ஊர்ந்தது. சக்கரங்களை ஒன்றாகப் பூட்டியிருந்ததால் வளைவில் திரும்பாமல் மண்ணை இழுத்தது. பின்னாலிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டது. தையல்நாயகி.

"என்ன பூவராகா, வண்டி ரிப்பேரா?"

"இல்லக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓ, ஓடுதா?" என்று கேட்டுவிட்டு ஆமை லாரியைத் தாண்டிப் போனாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் சுட்டது.

"பழைய பல்சக்கரத்தையே மாட்டிடுங்களேன். சமதரைதானே, நாலு கிழங்கும் ஏத்தலாம்" என்றாள் செங்கமலம்.

"இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டு, மறுபடி பொம்மையாக்கச் சொல்றியா?"

அவன் நேரே தலைவியிடம் போனான்.

"தலைவியம்மா, பாதை தரமா இல்லைங்க."

"நல்லாத்தானே இருக்கு?"

"அதாங்க தப்பு. நம்ம லாரியோட திறமைக்கு அதுல வேலையே இல்லை. நீங்களே ஓட்டிப் பாருங்க."

மங்களேஸ்வரி ரிமோட்டை வாங்கி லாரியை ஒரு பாறைமேல் ஏற்றினாள். திரும்பு என்றால் திரும்பியது. நில் என்றால் நின்றது. எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

"சொன்னபடி கேக்குதே!" என்று தலைவி உருகிப்போனாள். "இந்தக் காட்டுல இது ஒண்ணுதான்!"

மறுவாரமே யானைகள் சமதரைப் பாதையில் பாறைகளை உருட்டிப் போட்டன. 'சாகசப் பாதை' என்று பலகை வைத்து, லாரிக்கு மாலை போட்டுத் திறப்பு விழாவும் நடத்தினார்கள். லாரி ஒரே மூச்சில் கடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நீ ஏம்மா தட்டலை?" என்று தலைவி செங்கமலத்தைக் கேட்டாள்.

"கை காலியா இல்லைங்க" என்றாள் அவள், கிழங்கைப் பிடித்துக்கொண்டு.

அடுத்து நடக்க வந்த தையல்நாயகி முதல் பாறையிலேயே புரண்டு, மல்லாக்கக் கிடந்து காலை ஆட்டினாள். நிமிர்த்தி விட்டார்கள். தினமும் இதைக் கடக்க முடியாது என்று அன்று மாலையே அவள் கிழங்கு மேட்டுப் பக்கம் குடிபோய்விட்டாள். முயல்கள் போயின. மான்கள் போயின. எறும்புகள்கூட வரிசையாகப் போயின.

"நாமளும் அங்கேயே வளை தோண்டிக்கலாங்க. கிழங்கு காலடியிலயே கிடக்கும்" என்றாள் செங்கமலம்.

"அப்ப லாரி?"

"கிழங்கு பக்கத்துல இருந்தா லாரி எதுக்குங்க?"

'நீ எதுக்கு?' என்று தன்னையே அவள் கேட்டுவிட்டதுபோல அவன் அவளைப் பார்த்தான். செங்கமலம் கழுத்திலிருந்த உபரி பேட்டரியைக் கழற்றி வைத்தாள். பிறகு தனியாகக் கிளம்பினாள். முதுகில் சுமையில்லாமல் அவள் சாய்ந்து சாய்ந்து போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். ஓடிப்போய்க் கூப்பிடத்தான் நினைத்தான். சார்ஜில் போட்ட பேட்டரி அப்போதுதான் பாதி ஏறியிருந்தது.

பஞ்சாயத்து நடத்திய முதல் பாறைப் பந்தயத்தில் பூவராகன் முதலாவதாக வந்தான். போட்டிக்கு வந்தது ஒரு லாரி. பார்க்க வந்தது ஒரு தலைவி.

பரிசு வாங்கிய கையோடு அவனுக்குப் பசித்தது. வழுக்குப்பாறை உச்சியில் உட்கார்ந்து லாரியை அந்தப் பக்கம் இறக்கினான். கீழே புது வளை வாசலில் நின்ற செங்கமலம், தொட்டியில் ஒரே ஒரு கிழங்கை, அதுவும் சின்னதாகப் பார்த்து, வைத்தாள். லாரி பாதி ஏறி, முன்சக்கரம் தூக்கி, மல்லாந்தது. கிழங்கு உருண்டு அவள் காலடிக்கே போனது.

"நீங்களே இறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போங்க!" என்று கூப்பிட்டாள். "வேக வச்சுத் தர்றேன்!"

அந்தக் குரலில் கோபமே இல்லை. பூவராகன் ரிமோட்டைக் கீழே வைத்தான். எழுந்தான். ஓர் அடி எடுத்தும் வைத்தான். அப்போது அவன் கண் அவள் காலடியில் கிடந்த கிழங்கின் மேல் விழுந்தது.

"செங்கமலம்!" என்று கத்தினான். "லாரியில ஒரு குறையும் இல்லை! கிழங்குதான் உருண்டையா இருக்கு! தட்டையா விளைய வைக்க முடியுமான்னு பாரேன்!"

நீதி: வண்டியைத் திருத்து, போதாவிட்டால் பாதையைத் திருத்து, அதுவும் போதாவிட்டால் கிழங்கைத் திருத்து. தன்னைத் திருத்திக்கொள்ள எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது என்பதால், அந்த வேலையில் மட்டும் இறங்காதே.