நாற்பத்தொரு நிமிடத் தூரம்

மதிப்பிற்குரிய மருந்துக்கடைச் சம்பந்தி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற சர்வேயர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் உங்கள் ஊர்க் காற்று அருமை. இதை உங்கள் ஊர் விமான நிலையத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்! ‘சம்பந்தி’ என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

போன மாதம் நாங்கள் பெண் கேட்டு வந்தபோது, “பையன் தங்கம்தான், ஆனா பஸ்ல ஆறரை மணி நேரம். பொண்ணுக்கு ஒரு காய்ச்சல்னா நான் எப்பங்க வந்து சேர்றது?” என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் இரண்டு ஊருக்கும் இடையே விமானம் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், நானே போய் அளந்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். நாற்பத்தொரு நிமிடம் ஐயா! சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை, என் கைக்கடிகாரத்தில். சாலையில் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், வானத்தில் இருநூற்று முப்பத்தாறுதான். நான் நான்கு வருடம் வெயிலில் சங்கிலி இழுத்து அளந்த மலையடிவாரம் முழுவதும் நான்கே நிமிடத்தில் ஜன்னலுக்குக் கீழே ஓடிப்போனது. கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர், “பயமா இருக்கா சார்?” என்று தண்ணீர் கொடுத்தார்.

ஒளிக்காமல் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் விமான நிலையம் வெகு தொலைவு என்பதால் காலை ஐந்து மணிக்கே வீட்டை விட்டேன். சோதனையில் என் இரும்பு டேப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். “ஐயா, உள்ள எதை அளக்கப் போறீங்க?” என்று சோதனை போட்ட காவலர் அம்மா கேட்டதும் வரிசையே சிரித்தது. பிறகு மூடுபனி. பத்து இருபதுக்குத்தான் விமானம் கிளம்பியது. இறங்கி, உங்கள் வீட்டுக்கு டாக்ஸி கேட்டால், “பாலத்துல வேலை நடக்குது, ஒன்றரை மணி நேரமாகும்” என்கிறான். ஒரு மணிக்கு எனக்குத் திரும்பும் விமானம். அதனால்தான் உங்களைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் வந்திருந்தால் இந்நேரம் உங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பேன் என்பது உண்மைதான். ஆனால் காத்திருப்பதையெல்லாம் தூரத்தில் சேர்க்கக் கூடாது. முப்பத்து மூன்று வருடம் அளந்தவன் சொல்கிறேன். பெண்ணுக்கு ஒரு தும்மல் என்றாலும் நானே டிக்கெட் எடுத்து உங்களைக் கூப்பிடுவேன். தயவுசெய்து சம்மதம் சொல்லுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு, சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் (அநேகமாக) சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மகனிடமிருந்து போன். “அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல வேலை கிடைச்சிருச்சு!” என்று கத்துகிறான். எவ்வளவு தூரமடா என்றேன். “ரெண்டு விமானம் மாறணும். பதினோரு மணி நேரம்.” அதே அழைப்பில் உங்கள் மகளும் இருந்திருக்கிறாள். “மாமா, அப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்களேன்” என்றாள். சொல்லிவிட்டேன். மாமா என்று கூப்பிட்டுவிட்டாள், நான் என்ன செய்வது? இனி இந்தச் சின்ன விமானம் நம் இருவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருகிறீர்களா, நான் வரட்டுமா?