ஒற்றை விரல் போதும்

மனித நாகரிகம் எப்போது முழுமை அடைந்தது என்று யாராவது கேட்டால், ஒஹையோவில் எங்கள் பிரிம்லி ஹைட்ஸ் குடியிருப்பில், 1953 கோடையில் என்று தயங்காமல் சொல்வேன். நானூற்றுப் பதினொரு வீடுகளின் முன்புறமும் வேலியே இல்லாமல் ஒரே பச்சை, ஒரே இரண்டங்குல உயரம்! ஆடு கிடையாது, மாடு கிடையாது. யாரும் தின்னாத புல்லுக்கு உரம் போட்டு வளர்த்து, சனிக்கிழமைதோறும் வெட்டினோம். இதைவிட உயர்ந்த லட்சியம் உண்டா?

இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. புல்வெட்டும் யந்திரத்துக்கு விளம்பரம் எழுதிய ப்ரூயிட் நான்தான். ஹைஹீல்ஸ் அணிந்த அழகி சுண்டுவிரலால் யந்திரத்தைத் தள்ளியபடி சிரிப்பாள். கீழே என் வாசகம்: "ஒற்றை விரல் போதும்!" குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அடியேன்தான்.

நானூற்றுப் பன்னிரண்டாவது வீடு கோவாச் அம்மாளுடையது. அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. வாசலில் பகிரங்கமாகத் தக்காளி போட்டிருந்தார். சங்கம் அவரை 'அன்புடன்' விசாரணைக்கு அழைத்தது.

"புல்லு போட்டா யாரு வெட்றது? என் முட்டி போயி பத்து வருஷம் ஆச்சு."

தலைவர் ஆர்வில் ஹேட்ச் என் விளம்பரத்தைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாருங்கம்மா. முட்டியா கேக்குறாங்க? விரல்தானே?"

"எழுதின மகராசன் இங்கதானே உக்காந்திருக்கான்! அவனே தள்ளட்டும். ஓடிச்சுன்னா தக்காளிய நானே புடுங்கிப் போடறேன். ஓடலைன்னா என் வாசப்பக்கம் ஒருத்தனும் தலைகாட்டக் கூடாது!"

சங்கம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது. விரல் என்னுடையதுதானே, அவர்களுக்கு என்ன?

தலைவர் வீட்டுப் புல்தரையில் யந்திரத்தை நிறுத்தினார்கள். சுண்டுவிரலை வைத்து அழுத்தினேன். யந்திரம் தியானத்தில் இருந்தது. மூச்சைப் பிடித்து மறுபடி அழுத்தினேன். விரல் மட்டும் நகர்ந்தது, பின்பக்கமாக.

"ஆச்சா?" என்றார் கோவாச் அம்மாள். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "படத்துல இருக்கிறது பொம்பள விரல். ப்ரூயிட்டோடது ஆம்பள விரல். அதனால சோதனை செல்லாது."

"அப்ப என் விரல வெச்சுப் பாக்கலாமே! நானும் பொம்பளதான்."

"உங்களுக்கு முட்டி சரியில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களேம்மா."

திங்கட்கிழமை ஆட்கள் வந்து செடிகளைப் பிடுங்கினார்கள். கோவாச் அம்மாள் குனிய முடியாமல் குனிந்து காய்களைப் பொறுக்கி ஏப்ரனில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இருந்தாலும் என் விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. படம் எடுத்த அன்று அந்த யந்திரம் சுண்டுவிரலுக்கே ஓடியது. என் இரு கண்ணால் பார்த்தேன். ஸ்டூடியோவின் சிமெண்டுத் தரையில், கத்திகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினாள் அந்த அழகி. விசாரணைக் குறிப்பேட்டை எழுதியவனும் நானேதான். இதை மட்டும் அதில் எழுதவில்லை.