காலி டப்பாச் சான்றிதழ்

ஹேசான் துறைமுகத்துக் குடிமக்களின் முகங்கள் இனியும் கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாது என்று வட்ட அலுவலகம் அந்த வசந்த காலத்தில் முடிவு செய்தது. சியோலில் எல்லா முகமும் கண்ணாடி மாதிரி பளபளக்கும்போது, ஒரு துறைமுகம் மட்டும் வெறும் முகத்தோடு திரிவது வளர்ச்சிக்கு இடைஞ்சல் என்று சுற்றறிக்கை வருத்தப்பட்டது. ஆகவே அழகு மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று திறக்கப்பட்டது. சாலைக் குழிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பிரிவின் மேசை நாற்காலிகள் அங்கே போயின. குழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

புதிய பிரிவின் முதல் ஆணை சந்தை வாசலில் ஒட்டப்பட்டது. அழகுப் பொருள் விற்கும் கடைகளில், 'திரும்பத் திரும்ப வாங்கத் தகுந்தது' என்று சான்றிதழ் பெற்ற பொருளை விற்கும் கடை மட்டுமே சந்தையின் முன்கூடத்தில் இருக்கலாம். மற்றவை, பொதுமக்களின் வசதியை முன்னிட்டு, வாகன நிறுத்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மாற்றப்படும். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

ஒக்பூன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். வாசலை ஒட்டிய முதல் கடை அவளுடையது. பத்தொன்பது வருடமாக அவள் விற்பது ஒரே ஒரு கிரீம். வாசனை இல்லை, தங்கத் துகள் இல்லை, நத்தைச் சாறு இல்லை. வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார்கள், அவள் பெரிய பாத்திரத்திலிருந்து வழித்து நிரப்பிக் கொடுப்பாள். இப்படி நிரப்பிக் கொடுப்பதற்கும் அரசாங்கம் ஒரு பரீட்சை வைத்தது. அதையும் மூன்றாம் தடவையில் எழுதிப் பாஸாகி, உரிமத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தாள். திரும்பத் திரும்ப வாங்குவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு, ஐம்பத்தெட்டு வயதில் அவள் முழங்கால் இரண்டும் படி என்ற சொல்லைக் கேட்டாலே வலிக்கும். மூன்றாம் மாடிக்குப் போவதென்றால் கடையை மூடுவதும் ஒன்றுதான்.

அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, டீம் லீடர் மோ அவளைக் கூப்பிட்டார். காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் ஒளி. உண்மையிலேயே நல்ல முகம் அவருக்கு.

"சொல்லுங்கம்மா. எத்தனை காலி டப்பா கொண்டுவந்திருக்கீங்க?"

"காலி டப்பாவா? எதுக்கு சார்?"

"காலியாகித் தூக்கிப் போட்ட டப்பாதாம்மா ஆதாரம். முப்பது வீட்டுலேர்ந்து முப்பது வேணும். அப்பத்தான் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினாங்கன்னு தெரியும்."

"எங்கிட்ட யாரும் தூக்கிப் போட மாட்டாங்க சார். அதே டப்பாவுல நிரப்பிட்டுப் போவாங்க."

மோ பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க டப்பாவை எத்தனை பேருக்கு வித்தீங்க?"

"கடை திறந்தப்போ ஒரு இருநூறு பேருக்குக் கொடுத்தேன். என் பேர் போட்ட வெள்ளை டப்பா. அதுக்கப்புறம் டப்பா விக்கறதில்லை."

"இருநூறு பேரும் ஒரு தடவை வாங்கியிருக்காங்க. பத்தொன்பது வருஷமா ஒருத்தர்கூட மறுபடி வாங்கலை." அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. "எப்படிம்மா தாக்குப் பிடிச்சீங்க?"

ஒக்பூனுக்கு வந்த கோபத்தில், அலுவலகத்தில் குடிக்கக் கொடுத்த பார்லித் தண்ணீர் புரையேறியது.

பக்கத்துக் கடையில் விலாங்கு மீன் விற்கும் கும்ரே, நடந்ததைக் கேட்டு விலாங்கை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"காலி டப்பாதானே கேக்கறான்? குடுத்துத் தொலைப்போம் அக்கா. ஊர் பூரா உன் கிரீம்தான். ஆளுக்கொரு டப்பா வாங்கிட்டு வர்றேன்."

நான்கே நாளில் நாற்பத்திநான்கு டப்பா வந்து சேர்ந்தது. அதில் ஒக்பூனின் பெயர் போட்ட வெள்ளை டப்பா மூன்றுதான். ஊரிலிருந்த மற்ற வெள்ளை டப்பாக்களெல்லாம் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டன. சில வீடுகளில் பொத்தான் இருந்தது, சில வீடுகளில் தூண்டில் முள். கும்ரேயின் வீட்டு வெள்ளை டப்பாவில் இறால் ஊறுகாய் இருந்தது, கழுவியும் போகவில்லை. முகத்துக்கான கிரீமை மக்கள் வேறு டப்பாவில்தான் வாங்கிப் போனார்கள். நாற்பத்திநான்கில் முப்பத்தாறு, சந்தையின் இன்னொரு கடைக்காரி பே செரின் விற்கும் 'நிலாமுத்து' கிரீமின் டப்பா. கனத்த கண்ணாடி, முத்து நிற மூடி. அலங்கார மேசையில் வைத்தால் வீடே ஒரு படி உயர்ந்துவிடும். ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒரு முறை அதை வாங்கி, உள்ளே இருந்த கிரீமைப் பூசிப் பார்த்து, முகம் அரிக்கவே வழித்துப் போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அது ஒக்பூனுக்குத் தெரியும். முகமும் அவர்களுடையது, டப்பாவும் அவர்களுடையது, நமக்கென்ன என்று நிரப்பிக் கொடுத்து வந்தாள். யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கடைக்காரி வெளியே சொல்வதில்லை என்பது சந்தையில் எழுதாத சட்டம்.

மோ டப்பாக்களை எடை போட்டார். மூன்று சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் செல்லாது. ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தார். கும்ரேயின் டப்பாவை முகர்ந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். பிறகு படிவத்தை நிரப்பினார்.

"நிலாமுத்து, முப்பத்தாறு. ஒக்பூன், மூணு. இதர வகை, அஞ்சு. பிரமாதம்மா! இந்த வட்டத்துலயே நிலாமுத்துக்குத்தான் முதல் சான்றிதழ்."

"சார், நாற்பத்திநாலுலயும் இருந்தது என் கிரீம் சார்!"

"டப்பா மேல அப்படி இல்லையே."

"உள்ள என்ன இருந்துச்சுன்னு எழுத ஒரு கட்டம் இருக்குமே?"

"காலி டப்பாவுக்குள்ள என்னம்மா இருக்கும்?"

ஒக்பூன் கும்ரேயைப் பார்த்தாள். கும்ரே கூரையைப் பார்த்தாள். டப்பா கொடுத்த நாற்பத்திநான்கு பேரில் ஒருவரும் 'சந்தைக் கிரீம்தான் பூசுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. கேட்டபோது எல்லோருக்கும் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"சந்தேகமே வேணாம்மா," என்று மோ இழுப்பறையைத் திறந்தார். "நானே நாலு வருஷமா நிலாமுத்துதான். என் மூஞ்சியைப் பாருங்க. நேத்துதான் காலியாச்சு. இதையும் சேத்து முப்பத்தேழுன்னு எழுதிக்கறேன்."

அவர் எடுத்து வைத்த டப்பாவின் மூடியில் ஒரு விரிசல், அதைச் சிவப்பு நகப்பூச்சு வைத்து ஒட்டியிருந்தது. ஒக்பூனுக்கு அந்த டப்பாவை இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியும். மாதா மாதம் ஒரு பெண் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். 'சந்தைச் சரக்குன்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர் தொட மாட்டாரு பெரியம்மா, மூச்சு விட்டுடாதீங்க' என்று கெஞ்சுவாள். வாய் வரை வந்த வார்த்தையை ஒக்பூன் விழுங்கினாள். தன் கடை போகிறது, தன் கையாலேயே போகிறது என்று தெரிந்தும் விழுங்கினாள்.

ஒரு வாரத்தில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, நிலாமுத்துவுக்கான ஆதாரங்களைத் திரட்டித் தந்ததற்காகப் பாராட்டுக் கடிதம். இன்னொன்று, மூன்றாம் மாடிக்கான ஒதுக்கீடு.

புது இடத்துக்குப் போனால் அக்கம்பக்கத்தாருக்குச் சிவப்புப் பயறு போட்ட அரிசிக் கேக் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாடியில் அக்கம்பக்கத்தார் என்று இருந்தவை பதினோரு கார்கள். ஒக்பூன் ஒவ்வொரு காரின் முன்கண்ணாடி மேலும் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

ஆனால் கீழே ஒரு காரியம் நடந்திருந்தது. சான்றிதழ் பெற்ற பொருளின் காலி டப்பாக்கள் அரசுடைமை என்று விதி. முப்பத்தேழு டப்பாவும் அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைக்கப்பட்டன. டப்பா போனவர்களுக்குக் கிரீம் வாங்க டப்பா இல்லை. என்ன செய்வார்கள்? செரின் கடைக்குப் போய் நிலாமுத்துவை மறுபடி வாங்கினார்கள். வாங்கி, கொட்டிவிட்டு, அறுபத்திரண்டு படி ஏறி ஒக்பூனிடம் நிரப்பிக்கொண்டார்கள். அலுவலகம் அதற்குள் இரண்டாம் ஆண்டுக்கான ஆதாரம் கேட்டுவிட்டது. டப்பாக்கள் மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குப் போயின, ஜனங்கள் மறுபடி செரின் கடைக்குப் போனார்கள். இப்படியாக நிலாமுத்து திரும்பத் திரும்ப வாங்கத் தகுந்த பொருள் என்பது, சான்றிதழ் கொடுத்த பிறகு, முழு உண்மையாகிவிட்டது.

ஒரு மத்தியானம் மோ படியேறி வந்தார். தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. அதை எடுத்தபோது ஒக்பூன் பயந்துவிட்டாள். முகம் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது. வீட்டில் இருந்த டப்பாவும் இரண்டாம் ஆண்டு ஆதாரத்துக்குப் போனதால், மனிதர் தானே புதிது வாங்கி ஒரு வாரமாக அசல் நிலாமுத்து பூசியிருக்கிறார்.

"என் வீட்டுக்காரிதான் அனுப்பினா," என்று புது டப்பாவை நீட்டினார். "இங்க இதைச் சரி பண்ணித் தருவீங்கன்னு சொன்னா."

"நிரப்பணுமா சார்?"

"நிரப்பறதுன்னு சொல்ல முடியாது. பராமரிப்பு."

ஒக்பூன் மூடியைத் திறந்து பார்த்தாள். "இதுல முக்கால்வாசி இருக்கே. மூணு சதவீதத்துக்கு மேல இருந்தா செல்லாதே சார்."

"அம்மா..."

"தீராம வந்தா மறுபடி வாங்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுதிக்க எங்கிட்டயும் கட்டம் இல்லையே."

மோவுக்குப் படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அறுபத்திரண்டு படி சார். உங்களுக்கு நாற்பது வயசு. எனக்கு ஐம்பத்தெட்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்து யாரும் கோபத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஒக்பூன் பழையதை வழித்து ஒரு வாளியில் போட்டுவிட்டு, விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள்.

பத்து நாளில் ஆணை வந்தது. சான்றிதழ் பெற்ற பொருளின் காலி டப்பாக்கள் தடையின்றிக் கிடைப்பதை உறுதி செய்யும் பொருட்டு, சந்தை முன்கூடத்தில், வாசலை ஒட்டிய முதல் கடையில், 'நிலாமுத்து காலி டப்பா உற்பத்தி உதவி மையம்' அமைக்கப்படுகிறது. பொறுப்பாளர் ஒக்பூன்.

பழைய இடம், பழைய பாத்திரம், பழைய கூட்டம். கூடுதலாக ஒரு வாளி மட்டும். கொட்டிய நிலாமுத்துவை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, கும்ரே ஒரு கை அள்ளித் தன் கடையின் இரும்பு ஷட்டர் கதவில் பூசினாள். பதினைந்து வருடமாகக் கிறீச்சிட்ட கதவு சத்தமில்லாமல் இறங்கியது. இப்போது சந்தையில் எந்தக் கதவும் கிறீச்சிடுவதில்லை.

"நல்ல சரக்குதான் அக்கா. திரும்பத் திரும்ப வாங்கலாம்," என்றாள் கும்ரே. "மூஞ்சியை விடு, கதவெல்லாம் பளபளக்குது. ஆமா, இந்த ஊர்ல ஏன் ஒருத்திகூட உன் வெள்ளை டப்பாவை வெச்சுக்க மாட்டேங்கறா? உன் கிரீமை இவ்வளவு பூசியும் பெருமை மட்டும் அந்த நிலாமுத்து டப்பாவுக்கு!"

"வெக்கங்கெட்ட ஜனம்," என்றாள் ஒக்பூன்.

சொல்லிவிட்டு, கடை மூடுமுன் முகத்துக்குப் பூசிக்கொள்ள மேசைக்கு அடியிலிருந்து தன் கிரீமை எடுத்தாள். கனத்த கண்ணாடி, முத்து நிற மூடி. கும்ரே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே? வெள்ளை டப்பாவுலேர்ந்து எடுத்துப் பூசினா என்னமோ மூஞ்சியில ஒட்டவே மாட்டேங்குதுடி."