நான்கு வண்ண அட்டை

"புத்தக அட்டையில சிவப்புக் கரை போட்டிருக்கீங்களே வாத்தியாரே, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார் பஞ்சநாதன். பூதலூர்ப் பக்கம் பாதி வயலுக்குச் சொந்தக்காரர்.

தமிழாசிரியர் சிங்காரவேலு அட்டையைத் திரும்ப வாங்கிப் பைக்குள் செருகிக்கொண்டார்.

கூலித் தகராறில் நடவு நின்றுபோய், நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. யார் குடிசை எப்போது எரியுமோ என்று ஊரே தூக்கம் கெட்டுக் கிடந்த காலம். இரு தரப்பும் ஒப்பக்கூடிய ஒரு கூலியை யோசித்து, 'நெல்லும் நியாயமும்' என்று சின்னப் புத்தகமாக எழுதியிருந்தார் அவர். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து போதும் என்றுதான் சொன்னார்.

"வெறும் வெள்ளைன்னா கருமாதிப் பத்திரிகைன்னு ஓரமா வச்சிடுவாங்க சார்" என்று சிவப்புக் கரை கட்டியவர் கும்பகோணத்து அச்சக முதலாளி தியாகேசன்.

சிங்காரவேலு மறுபடி கும்பகோணம் போய், அச்சகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்த விவசாய இலாகாவின் பூச்சிமருந்துக் கையேடுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கரையைப் பச்சையாக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த விவசாயத் தொழிலாளர் சங்கத்து இராஜாங்கத்தின் முகம் இறுகியது.

"மிராசுதாருங்க கொடி பச்சைங்க. எங்க ஆளுங்க இதைக் கையால தொடுவாங்களா?"

சரி, இரண்டு நிறமும் இருக்கட்டும் என்றார் சிங்காரவேலு. ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் சிவசாமி, "சூரியன் இல்லாம என்ன விடியல்?" என்று வருத்தப்பட்டார். சூரியன் வந்தது. அது கட்சி அட்டை ஆகிவிடாமல் இருக்க ஒரு கோபுரம். கோபுரம் பக்தி நூலாகிவிடாமல் இருக்க ஒரு ஜோடி ஏர்மாடு. மாடு மட்டும் வெறிச்சென்று இருக்கிறது என்று, நாற்றுக்கட்டோடு ஒரு பெண்ணையும் நிறுத்தினார் தியாகேசன். சேற்றில் நின்ற அவளுக்குச் சரிகைப் புடவை.

"தலைப்பு எங்கங்க?"

"மாட்டுக் காலுக்குக் கீழ பாருங்க சார். கண்ணாடி போட்டா தெரியும்."

மை கையில் ஒட்டும் என்பதால் ஒவ்வொரு பிரதிக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, பட்டு ரிப்பன் கட்டி அனுப்பினார். நான்கு முறை புரூப் திருத்தியிருந்த சிங்காரவேலுவுக்கு அந்த முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. அப்படியே வீடு வீடாகக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை கூடியது. பஞ்சநாதன் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

"பழைய கூலிதான் நியாயம்னு வாத்தியாரே எழுதிட்டாரு."

இராஜாங்கம் தன் பிரதியை உயர்த்தினார். "கேட்ட கூலியைக் குடுன்னுதான் எழுதியிருக்காரு. வரிக்கு வரி படிச்சேன்."

"நான் ரெண்டையும் எழுதலீங்களே" என்று எழுந்தார் சிங்காரவேலு.

"படிச்சது நாங்க. நீங்க உக்காருங்க" என்றார்கள் இருவரும், அன்று முதன்முறையாக ஒரே குரலில்.

பெஞ்சு பறந்தது. போலீஸ் வந்தது. பேச்சு முறிந்து, முற்றிய நாற்றில் ஆடுகள் இறங்கின.

சிங்காரவேலு புது ஆற்று மதகில் போய் உட்கார்ந்தார். ஊரைச் சேர்த்து வைக்க எழுதிய எழுத்து, ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டதே என்று நொந்துகொண்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்தார்.

அப்போது எல்லையம்மாள் வந்தாள். தன் அரைக்காணியைத் தானே நட்டு முடித்திருந்தவள். அவள் கையில் இருந்த புத்தகத்தில் ரிப்பன் இல்லை, கண்ணாடித்தாளும் இல்லை. ஓரங்கள் மடங்கி, சேறு படிந்திருந்தது.

"எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசும் படிச்சேங்கய்யா. உங்களைக் கும்பிடணும்னு வந்தேன்."

அவருக்குக் கண் கலங்கியது. ஒரே ஓர் ஆத்மாவாவது புரிந்துகொண்டதே.

"எந்த இடம் பிடிச்சுதும்மா?"

"எல்லாந்தாங்கய்யா. மொதப் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் குருத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிற வெவரம்தான். கூலியைப் பத்தி மருந்துக்குக்கூட ஒரு வரி இல்ல."