டோக்கன் மாமாவும் நாலு தொட்டியும்

ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு பணம் கேட்பவர்களைப் பற்றி நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பாட்காஸ்டை வளர்த்த மனிதர் இந்தப் பூமியில் எங்கள் டோக்கன் மாமா ஒருவர்தான்.

காஞ்சிபுரத்தில் எங்கள் கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டு அவருடையது. ஒட்டினாற்போல் என் அம்மாவின் பூக்கடை. உலகத்துச் செருப்பையெல்லாம் காவல் காத்தவருக்கு, தன் செருப்பை யாரோ திருடிப் போய்விட்டதுபோல எப்போதும் ஒரு முகம். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. என் பெயரும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து காலேஜுக்கும் போனவள் நான் என்பதால் "காலேஜு" என்றே கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நான் கொஞ்சம் உயரமாகிவிடுவேன்.

மாமாவுக்கு மனைவி இல்லை. ஒரே மகள் ரேவதி. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போன அன்று, மாமா நேரே அம்மன் கோயிலுக்குப் போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இனிமே அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது அவ தலை மேல சத்தியம்" என்றார். கோபம் சில நாளில் ஆறிவிட்டது. சத்தியம் ஆறவில்லை. வாய் திறந்தால் மகள் தலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்தான் மிஞ்சியது. மகளோ அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டு போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

காலேஜில் ஏதோ ஒரு பாடத்துக்காகத் தமிழ் பாட்காஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தக் குரல் கிடைத்தது. "வணக்கம், இது நாலு தொட்டி. பால்கனியில செடி வளர்க்கறவங்களுக்காக." ரேவதியின் குரல். பள்ளியில் எனக்கு மேல் வகுப்பில் படித்தவள், எனக்கா தெரியாது? போனை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

"இன்னாது இது, ரேடியோவா?"

"அந்த மாதிரிதான் மாமா. ஆனா ரேடியோவுக்கு நம்ம காத்துக்கினு இருக்கணும். இது நம்மளுக்காகக் காத்துக்கினு இருக்கும். எப்ப வேணா கேக்கலாம்."

"நான் கேக்கறது அதுக்குத் தெரியுமா?"

"ஆளு தெரியாது. எந்த ஊர்ல எத்தினி பேரு கேக்கறாங்கன்னு மட்டும் தெரியும்."

"நான் ஏதானா பேசணுமா?"

"வேணாம். கேட்டா போதும்."

மாமா தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப கற்பூரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, என் காதிலிருந்த இயர்போனைத் தானே கழற்றி மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் கேட்ட விதத்தை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. மகள் பேசுகையில் பழக்கதோஷத்தில் "உம்" கொட்டிவிடுவாராம். உம் கொட்டினால் பேசியதாக ஆகிவிடுமாம். அதனால் துண்டின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு கேட்பார். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று, பேச்சு முடிகிறவரை டோக்கன் கொடுக்க மாட்டார். வேகமாக ஓட விட்டும் கேட்கலாம் என்று காட்டிக் கொடுத்தேன். "ஏம்மா, அது இன்னா பஸ்ஸையா புடிக்கப் போவுது? மெதுவா பேசட்டும்" என்றார்.

ஒருநாள் ரேவதி, கேட்பவர்கள் ரொம்பக் குறைவு, நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். மாமா வாயிலிருந்து துண்டை எடுத்தார். பிடிபட்ட முதல் ஆள், கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர்.

"ஷூவைக் குடுப்பா, கார் நிக்குது."

"குடுக்கறேன் சார். போனை எடு. பாட்காஸ்ட்னா தெரியுமா?"

"எனக்கு எதுக்குய்யா அது?"

"கை வேலையா இருக்கும், காது சும்மாதானே இருக்குது? அந்தக் காதுக்கு. பூதக்கண்ணாடி படம் இருக்குதா, அதை அமுக்கு. நாலு தொட்டின்னு எழுது. வந்துச்சா? ஃபாலோன்னு இருக்கறதை அமுக்கு. பக்கத்துல மணி, அதையும் அமுக்கு, புதுசா வந்தா அதுவே கூப்புடும். டவுன்லோடு பண்ணிக்க, வழியில சிக்னல் இல்லாட்டியும் பேசும். பாதியில வுட்டியானா, வுட்ட எடத்துலேர்ந்தே திரும்பப் பேசும்."

உச்சி வெயில். கருங்கல் தரையில் அந்த மனிதர் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டே எல்லாவற்றையும் அமுக்கினார். அதைவிட வேகமாகப் பாட்காஸ்ட் கற்றுக்கொண்டவர் எவரும் இருக்க முடியாது.

மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, வெள்ளைக்காரர்கள் என்று யாரையும் மாமா விடவில்லை. புகார் போனது. விசாரிக்க வந்த கோயில் அதிகாரியும் செருப்பைக் கழற்றித்தானே உள்ளே போக வேண்டும்? திரும்பி வந்து அவரும் அமுக்கினார். தெருவில் ஒரு வீட்டிலும் பால்கனி இல்லை. ஆனால் பால்கனிச் செடிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "எங்க வூட்ல தறி போக காலை நீட்டவே எடம் இல்ல. தொட்டிய தலை மேலயா வெக்கறது?" என்று ஒரு தறிக்காரர் கத்தினார். "வெச்சுக்க. வழுக்கைக்கு நெழலா இருக்கும்" என்றார் மாமா. அவர் செய்த ஒரே ஜோக் அதுதான் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

இவ்வளவு செய்தும் நாலு தொட்டி நின்றுவிட்டது. கேட்க ஆள் இல்லாமல் அல்ல. கடைசிப் பேச்சை இரண்டு பேரும் ஆளுக்கொரு இயர்போனில் கேட்டோம். தான் முழுகாமல் இருப்பதாகவும், இனி முடியாது என்றும் ரேவதி சொன்னாள். பிறகு, "கொஞ்ச நாளா எங்க ஊர்லேர்ந்து நிறைய பேர் கேக்கறீங்க. யாருன்னு தெரியல, நன்றி. கேக்க வேண்டியவர் மட்டும் கேக்க மாட்டார்" என்றாள்.

மாமா துண்டைக் கவ்வியபடியே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அன்று செருப்புக்கு அவசரப்படவில்லை.

"போன் நம்பர் தேடிப் புடிச்சுத் தர்றேன். பேசிடு மாமா" என்றேன்.

"வயித்துப் புள்ளக்காரி தலை மேலயா சத்தியத்தை ஒடைக்கச் சொல்ற?" என்று சீறினார். வெகுநேரம் கழித்து, தானாகவே கேட்டார். "ஏ காலேஜு. வயித்துல இருக்கற புள்ள மேல நான் சத்தியம் பண்ணலயே? அதுகிட்டப் பேசலாம்ல?"

எங்கள் பக்கத்து வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால், "சோறு ஆயிடுச்சின்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று குழந்தையிடம்தான் சொல்வார்கள். அந்த வழியில் மாமா ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். என் போனில் நான்தான் பதிவு செய்து ஏற்றினேன்.

"கண்ணு, நான் உன் தாத்தா. உன்கூடத்தான் பேசிக்கினு இருக்கேன், உங்கம்மாகூட இல்ல. அது பக்கத்துல இருந்தா இருந்துட்டுப் போவட்டும். உங்கம்மா சின்னதுலேர்ந்தே கீழ பாத்து நடக்காது. மாடிப்படியில பாத்து எறங்கச் சொல்லு. நான் சொன்னன்னு சொல்லாத. நீயா சொல்லு."

நாலு தொட்டிக்குக் கேட்பவர்கள் எழுதும் ஈமெயில் முகவரி ஒன்று இருந்தது. அதற்கு லிங்க்கை அனுப்பினேன். பிறகும் அனுப்பினேன். பதில் இல்லை. கடையை மூடிவிட்டவள் தபால்பெட்டியை எதற்குத் திறந்து பார்க்கப் போகிறாள்? குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. மாமா வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருக்கிறார். நான் காலேஜ் முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"யாரானா கேட்டாங்களா, காலேஜு?"

"ஒருத்தர் கேட்டிருக்காங்க மாமா. முழுசா."

"எந்த ஊரு?"

"நெறைய பேரு கேட்டாத்தான் ஊரு காட்டும் மாமா. ஒருத்தருக்கெல்லாம் காட்டாது."

"பெங்களூராத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, யாருடைய செருப்பையோ துடைத்து ஜோடி சேர்த்து வைப்பார்.

உண்மையில், ஒரே ஒருத்தர் கேட்டாலும் ஊர் காட்டும். காஞ்சிபுரம் என்று காட்டும். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் பேச்சை ஒரு வாரமும் விடாமல் கடைசிவரை கேட்கிறவள் நான் ஒருத்திதான்.