கேப்பர் மலை மோதிரம்

குளியலறையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறிய பிறகும் ஹக் பாய் இயந்திரத்தை நிறுத்தவில்லை. கடற்கரையில் பொறுக்கிவந்த கல்லை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சுழலும் தகட்டின்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தெறித்த செஞ்சேறு வெள்ளைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஏறியிருந்தது. தண்ணீர் போகும் துளையை அந்தச் சேறே அடைத்துவிட்டதை அவர் இன்னும் அறியவில்லை.

"ஏங்க, தண்ணி கூடத்துக்கு வருது" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் அவர் மனைவி சைதுன் பீவி.

"வரட்டும். பாதி அறுத்துட்டேன்."

"தண்ணியில நின்னுகிட்டு கரண்டு மிஷின ஓட்டுறீங்களே. இருவது நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். அடிச்சிப் போட்டா யாரு வந்து நிக்கிறது?"

"ரப்பர் செருப்புப் போட்டிருக்கேன்."

கல் இரண்டாகப் பிளந்தது. ஹக் பாய் இரண்டு பாதிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செக்கச்செவேல் என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே சிறுசிறு துளைகள் தெரிந்தன. வாளியும் துடைப்பமுமாக வந்து நின்ற வேலைக்கார அம்மாள் இருசம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்:

"இது செங்கல்லு பாய். அலையில உருண்டு உருண்டு மழமழன்னு ஆயிருக்கு."

இந்த வம்பு எல்லாம் சென்ற மாதம் நடந்த நிச்சயத்தில் தொடங்கியது. ஹக் பாய் இருபத்திரண்டு ஆண்டுகள் சவூதியின் தம்மாமில் பளிங்கு பதிக்கும் மேஸ்திரியாக இருந்து, கல் அறுக்கும் இயந்திரத்தோடு கடலூர் முதுநகருக்குத் திரும்பியவர். மகள் ஷாசியாவுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று சைதுன் பீவியின் தம்பி நசீர், ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளி மோதிரம் ஒன்றைச் சபைக்கு நடுவே எடுத்துக் காட்டினார். அதில் பதித்திருந்தது அகீக் கல். ஆங்கிலத்தில் அகேட் என்பார்கள். மாதுளை முத்துப்போலச் சிவந்திருக்கும். மாப்பிள்ளைக்கு அணிவிப்பதற்கு அதைவிட உயர்ந்த கல் இல்லையென்பது அவர்கள் நம்பிக்கை.

"அசல் ஏமன் கல்லு. மாப்பிள்ளைக்கு நான் போடுறேன் மச்சான். நம்ம ஊருல இதெல்லாம் எங்க கெடைக்கும்?" என்றார் நசீர்.

மாப்பிள்ளையின் தந்தை கவுஸ் மைதீன் சிரித்துக்கொண்டே, "நம்ம ஜில்லாவுல கெடைக்கிறது பலாப்பழமும் கருவாடுந்தான்" என்றார்.

அந்தச் சிரிப்புத்தான் ஹக் பாயைக் குத்திவிட்டது. ஐம்பது பேர் முன்னிலையில் எழுந்து நின்றார்.

"மாப்பிள்ள வெரல்ல நம்ம மண்ணுல கெடச்ச கல்லுதான் ஏறும். என் கையால அறுத்ததாத்தான் இருக்கும். இது என் வார்த்த."

ஹக் பாய் வார்த்தை கொடுத்துவிட்டால் பின்வாங்கமாட்டார். தம்மாமில் ஒரு மாளிகையின் தரை ஒரு நூல் கோணிவிட்டது என்று, யாரும் கேட்காமலேயே நாற்பது பளிங்குப் பலகைகளைப் பெயர்த்து மறுபடி பதித்தவர். அது நசீருக்கும் தெரியும். ஆகவே நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், கல்லு ஆச்சா? இல்ல, என் மோதிரத்த பாலீசு போட்டு வெக்கவா?" என்று விசாரித்தார்.

செங்கல்லில் ஏமாந்த பிறகு ஹக் பாய் முறையாகவே இறங்கினார். மண்ணியல் படித்த ஒருவரைத் தேடிப்போய் மூன்று சோதனைகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். நல்ல கல் கண்ணாடியைக் கீறவேண்டும். விளக்கில் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவவேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கக்கூடாது. மறுநாளே ஊரை ஒட்டிய கேப்பர் மலையில் சரளைமண் வெட்டிய பள்ளத்துக்குப் போய், ஆட்டோவில் இரண்டு மூட்டைக் கற்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

கற்கள் எல்லாம் சோதனையில் தேறின. சைதுன் பீவியின் சீர்வரிசை அலமாரிக் கண்ணாடிதான் தேறவில்லை. ஒரு பக்கம் முழுவதும் கீறல் விழுந்து, உள்ளே இருந்த பீங்கான் தட்டுகள் பனிமூட்டத்தில் இருப்பவைபோல ஆயின.

"சம்பந்தி வீட்டுக்குக் குடுக்க வெச்சிருந்த அலமாரிங்க இது" என்றார் சைதுன் பீவி.

"கல்லு எவ்ளோ ஒசத்தின்னு பாரு. கண்ணாடியையே கீறுது."

உயர்ந்த கல்தான். ஐயமில்லை. ஆனால் மூன்று நாள் மெனக்கெட்டு வில்லை வில்லையாக அறுத்தும், ஒரு வில்லையாவது சிவப்பாக இல்லை. எல்லாம் மோர்க்குழம்பு நிறம். அந்த நிறத்தில் மோதிரம் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் சிரித்தே மாய்வார்கள். ஹக் பாய் வெறுத்துப்போய் அத்தனையையும் மூட்டைக்குள் திரும்ப வாரிப்போட்டார்.

சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த இருசம்மாள் ஒரு வில்லையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"பாய், எங்க தம்பி சிதம்பரத்துல…"

"விசா இல்ல இருசம்மா."

இதைப்பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். ஹக் பாய் ஊர் திரும்பியதிலிருந்து, முதுநகரில் 'எங்க தம்பி' என்று பேச்சைத் தொடங்கியவர்கள் எல்லாரும் 'ஒரு விசா' என்றுதான் முடித்திருக்கிறார்கள். பால்காரர், முடிதிருத்துபவர், வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் எல்லாரும் அப்படித்தான். ஆகையால் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். நேரம் மிச்சமாயிற்று.

"அதில்ல பாய்… சரி, இந்த ரெண்டு மூட்டையும் நான் எடுத்துக்கவா?"

இவள் வீட்டு வாசலில் சேறாக இருக்கிறதுபோலும், கொட்டி நிரவப்போகிறாள் என்று அவரே முடிவுகட்டினார். "எடுத்துட்டுப் போ. குப்ப ஒழியட்டும்" என்றார்.

குளியலறையில் இனிக் கல் அறுக்கக்கூடாதென்று சைதுன் பீவி பூட்டுப் போட்டுவிட்டார். இயந்திரம் மொட்டைமாடிக்கு ஏறியது. அங்கே சேறு அடைக்கக் குழாய் இல்லை. காற்று மட்டும் இருந்தது. கடற்காற்று கல்சேற்றைத் தூவானமாக வாரிக்கொண்டுபோய்ப் பக்கத்து மாடியில் பெய்தது. அங்கே சின்னம்மாள் வாளைக் கருவாடு காயவைத்திருந்தாள்.

"என்னா பாய், கருவாட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?"

"தெரியாம ஆயிப்போச்சு சின்னம்மா."

"இத எவன் வாங்குவான்? நாய் கூட மோந்து பாக்காது."

நியாயம் தவறாதவராகிய ஹக் பாய், அத்தனை கருவாட்டையும் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐந்து கூடை கருவாடு வீட்டுக்குள் வந்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, பத்திரிகை வைப்பது பற்றிப் பேசச் சிதம்பரத்திலிருந்து சம்பந்தி கவுஸ் மைதீன் வந்துசேர்ந்தார்.

வாடையை அடக்கச் சைதுன் பீவி சாம்பிராணி போட்டார். வாடை அடங்கவில்லை, அதனோடு புகையும் சேர்ந்துகொண்டது. கவுஸ் மைதீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, கீறல் விழுந்த அலமாரியை நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணாடி என்னா சம்பந்தி, டிசைனா?"

"ஆமாங்க, புது மாடல்" என்று ஷாசியா உள்ளிருந்தே அத்தாவைக் காப்பாற்றினாள்.

"இருக்கட்டும். கல்லு என்னா ஆச்சு? எங்க ஜமாத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், எங்க சம்பந்தி கேப்பர் மலையில அகீக் எடுத்திருக்காருன்னு. கல்யாணத்தன்னிக்கு அதப் பாக்கவே ஒரு கூட்டம் வருது."

ஹக் பாய்க்கு இருமல் வந்தது. சாம்பிராணியால் வந்ததென்று எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் முதல் அவர் விடியற்காலையிலேயே மலைக்குப் போனார். வெயிலில் குனிந்து குனிந்து ஏழு நாள் தேடினார். எட்டாம் நாள், புளியங்கொட்டை அளவில் அல்ல, ஒரு கோழிமுட்டை அளவில், சிவந்த கல் ஒன்று அகப்பட்டது. கண்ணாடியைக் கீறியது, இம்முறை அவருடைய மூக்குக்கண்ணாடியை. வெளிச்சம் ஊடுருவியது. எலுமிச்சைக்கு நுரைக்கவில்லை. ஹக் பாயின் கண்கள் கலங்கிவிட்டன.

மாடிக்குக் கொண்டுபோய்க் கல்லைப் பிடிப்பானில் இறுக்கி, இயந்திரத்தைப் போட்டார். தகடு கால்வாசி இறங்கியது. மின்சாரம் போய்விட்டது. அது தினந்தோறும் விட்டு விட்டு மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம். சரி, தேநீர் குடித்துவிட்டு வருவோம் என்று கீழே இறங்கினார். விசையை அணைக்க மறந்துபோனார்.

இரண்டாம் மடக்குத் தேநீரில் மின்சாரம் வந்தது. மாடியில் இயந்திரம் தானே புறப்பட்டு, 'படார்' என்று ஓர் ஓசை எழுந்தது. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிடிப்பானில் கல் இல்லை. ஒரு சில்லு தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. இன்னொரு சில்லைச் சின்னம்மாள் கீழிருந்து உயர்த்திக் காட்டினாள்.

"பாய், சமயக்கட்டு ஓட்ட ஒடச்சிக்கிட்டு உள்ள வந்திருக்கு. இதுக்கும் கருவாடு மாதிரி எடுத்துக்குவீங்களா?"

கல்யாணத்துக்கு நான்கு நாள்கள் இருந்தன. ஹக் பாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வெள்ளைச் சட்டை அணிந்து, யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினார்.

கீழவீதியில் ராசிக்கல் விற்கும் சிறிய கடை ஒன்று இருந்தது. கடைக்காரர், பஞ்சில் பொதிந்திருந்த, செங்கல் நிறமாக இல்லாமல் உண்மையாகவே மாதுளை நிறமான கல்லொன்றை எடுத்துவரச் சொன்னார். பின்புறம் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதைக் கொண்டுவந்து ஹக் பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரிஜினல் ஏமன் பாய்" என்றார் கடைக்காரர்.

கல்லைக் கொண்டுவந்தவர் போகாமல் நின்றார். "பாய், நீங்க முதுநகருதான? எங்க அக்கா…"

"தம்பி, நான் யாருக்கும் விசா வாங்கித் தர்றதில்ல" என்றார் ஹக் பாய். அந்த மனிதர் சக்கரத்துக்குத் திரும்பினார்.

கல்லை வெள்ளியில் பதித்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியெல்லாம் ஹக் பாய் தமக்குத்தாமே வாதாடினார். நாமாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. மோதிரத்தைப் போட்டுவிடுவோம். யாரும் கேட்கவில்லையென்றால் பொய் சொன்னதாகாது. கேப்பர் மலை சன்னலுக்கு வெளியே தெரிந்தபோது மட்டும் அவர் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

கல்யாண நாள் வந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது. நிக்காஹ் முடிந்து துஆ ஓதியாயிற்று. நசீர் மேடையோரத்தில், சட்டைப்பையிலிருந்த தம் மோதிரப் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். ஹக் பாய் மோதிரத்தை எடுத்ததும் மேடையைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. கவுஸ் மைதீன் அதை வாங்கி விளக்கில் தூக்கிப் பிடித்தார். கல் தணல்போல ஒளிர்ந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் கவுஸ் மைதீன். "பாத்துக்குங்க எல்லாரும். கேப்பர் மலைக் கல்லு. அப்பிடித்தான சம்பந்தி?"

கேட்டேவிட்டார். ஒரு தலையசைப்புப் போதும். ஹக் பாயின் தலை அசையவில்லை. ஒரு நூல் கோணலுக்கு நாற்பது பலகைகளைப் பெயர்த்த மனிதர் அவருக்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"இல்ல சம்பந்தி. இது ஏமன் கல்லு. சிதம்பரத்துல கடையில வாங்கினேன். நம்ம மண்ணுல எடுத்து என் கையால அறுத்துப் போடுறேன்னேன், முடியல. என் வார்த்த தோத்துப்போச்சு."

சைதுன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நசீர் பெட்டியைத் திறந்துகொண்டே முன்னால் வந்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மச்சான்? வெலகுங்க, நம்மளோடத போடுவோம்."

ரோஸ்மில்க் தட்டோடு மேடையருகே நின்ற இருசம்மாள், தட்டைப் பக்கத்து நாற்காலியில் இறக்கி வைத்தாள்.

"பாய், எங்க தம்பி…"

"விசா இல்ல இருசம்மா" என்றார் ஹக் பாய், தரையைப் பார்த்தபடியே.

"விசா யாரு பாய் கேட்டா? குப்பைன்னு நீங்க எங்கிட்டத் தள்ளிவிட்டீங்களே, உங்க கையால அறுத்த மஞ்ச வில்லைங்க, அத மண்ணுச் சட்டியில வெச்சி வரட்டி மூட்டத்துல சுட்டா இப்பிடிச் செவக்கும்னு பதினஞ்சு நாளா சொல்ல வர்றேன். அந்த மூட்டைய வாங்கிட்டுப் போயி சுட்டு, சாண புடிச்சி, அன்னிக்குக் கடையில இந்தக் கல்ல உங்க கையில குடுத்ததே எங்க தம்பிதான், ஏமனுக்குப் போயி எடுத்தாற அவனுக்கு ஏது விசா?"