மூன்று திறப்புக் கொயினாப் பெட்டி

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், கண்டல்முனை மலேரியா நிவாரண சங்கத்தாரின் கொயினாப் பெட்டி, தவிர்க்க முடியாத காரணத்தால், இன்றும் திறக்கப்பட மாட்டாது.

பறையடித்து இதைச் சொன்னவனுக்கே காய்ச்சல். கேட்டவர்களுக்கும் காய்ச்சல். சொல்லச் சொன்ன சங்கத் தலைவர் வினாயகமூர்த்தியார் நெல்லுச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அதுதான் அந்தத் தவிர்க்க முடியாத காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு. மலேரியாவை அடக்க அரசாங்கத்துக்குக் கை போதவில்லை. "சங்கம் அமைத்துச் சேவை செய்வோருக்கு உதவி வழங்கப்படும்" என்று அறிவித்ததுதான் தாமதம், வாவிக்கரை நெடுகச் சேவை மனப்பான்மை காய்ச்சலைவிட வேகமாகப் பரவியது. கண்டல்முனைச் சங்கத்துக்கு முதல் உதவியாக ஒரு பெட்டி காய்ச்சல் மாத்திரை, கொயினாக் குளிசை, தோணியில் வந்து இறங்கியது. அதை ஒழுங்காக ஊருக்குக் கொடுத்தால் அடுத்து அரிசி, போர்வை, டின்பால். களவு போனால் தலைவரின் கைக்கு விலங்கு.

"பெட்டி எங்க இரிக்கப்போகுது?" என்று கேட்டார் செயலாளர் நல்லரத்தினம்.

"என்ர வீட்டிலதான்" என்றார் தலைவர்.

"திறப்பு?"

"என்ர மடியிலதான்."

"அப்ப கொயினா உங்கட வயித்திலதான்" என்றார் பொருளாளர் சாமித்தம்பி.

மூவரும் மூன்று குடி, தாய்வழியில் வேறுவேறான மூன்று வம்சம். ஊர்க்கோயில் நகைப்பெட்டிக்குக் குடிக்கொரு பூட்டு, அதைத் திறக்கும் சாவியாகக் குடிக்கொரு திறப்பு. ஒரு குடியின் திறப்பை இன்னொரு குடியான் தொட்டுத் திருப்பக் கூடாது. அதே மரியாதை கொயினாவுக்கும் செய்யப்பட்டது. பெட்டி தலைவர் வீட்டிலேயே இருந்தது, ஆனால் அதில் மூன்று பூட்டுகள் தொங்கின. நகை வருஷத்தில் ஒரு திருவிழாவுக்கு வெளியே வந்தால் போதும். காய்ச்சலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பூட்டிய மறுநாள் வினாயகமூர்த்தியாருக்கு நடுக்கம் கண்டது. அடுத்த நாள் அவர் எழும்பினார், நல்லரத்தினம் விழுந்தார். அதற்கடுத்த நாள் நல்லரத்தினம் எழும்பி வந்து பார்த்தால் தலைவர் சாக்குக்குள்! ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் இருவரையும் மாற்றி மாற்றி ஆட்டியது. சாமித்தம்பிக்கோ தினமும் உச்சி வெயிலோடு தொடங்கும்.

"படுத்துக் கிடக்கிறவர்ர திறப்பை வாங்கித் திறந்தா என்ன?" என்று கேட்டாள் தலைவரின் மனைவி சின்னத்தங்கம்.

"திறப்பைக் குடுக்கிறதெண்டா நம்பிக்கையைக் குடுக்கிற மாதிரி. அது எந்தக் குடியிலயும் வழக்கமில்ல!" என்றார் தலைவர்.

கடைசியில் ஒரு காலை, நடுங்கிய நல்லரத்தினத்தைக் கட்டிலோடு தூக்கி வந்து பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். அவர் திறப்பைப் பூட்டுக்குள் விட்டார். கை ஆடிய ஆட்டத்தில் திறப்பு உள்ளேயே ஒடிந்தது.

"வேணுமெண்டு ஒடிச்சவன்!" என்று குதித்தார் சாமித்தம்பி.

"நடுங்கின கை மச்சான்!"

"கை நடுங்கினது சரி. முழி ஏன் நடுங்கல்ல?"

கொல்லனைக் கூப்பிடலாம் என்றது ஊர். கொல்லன் எந்தக் குடி என்று விசாரித்ததோடு அந்த யோசனையும் நின்றது.

இதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. ஊர் சுகமாகத் தொடங்கியது!

சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை, உலக்கை போட்டு நெல்லுக் குற்றிக்கொண்டிருந்தாள். வினாயகமூர்த்தியார் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்னகா, காய்ச்சல் எங்க?"

"போயித்து அண்ணன்."

"எப்பிடிப் போன?"

"வந்த மாதிரித்தான்."

கொயினா இல்லாமல் காய்ச்சல் போகாது. பெட்டி திறக்காமல் கொயினா வராது. வினாயகமூர்த்தியார் ஓடிப்போய்ப் பூட்டுகளைத் தடவிப் பார்த்தார். மூன்றும் வைத்தபடியே இருந்தன. அப்படியானால் எவனோ கள்ளத் திறப்பு வைத்திருக்கிறான். அவர் சாமித்தம்பியைச் சந்தேகித்தார். சாமித்தம்பி நல்லரத்தினத்தைச் சந்தேகித்தார். நல்லரத்தினம் காய்ச்சல் நாளில் ஒருவரையும், மற்ற நாளில் மற்றவரையும் சந்தேகித்தார். நாலாவது பூட்டு ஒன்று ஏறியது. ஊர் இன்னும் சுறுக்காகச் சுகமானது.

விலங்கு கண்ணுக்கு முன்னால் ஆட, தலைவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சின்னத்தங்கம், இந்த ஊரில உன்னத் தவிர ஒருத்தரையும் நம்ப ஏலாது. பெட்டிக்குப் பக்கத்தில பாய போட்டு இரி. ஆர் வந்தாலும் விடப்படாது."

"சரி" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவர் மல்லித்தண்ணியைக் குடித்துக்கொண்டு முனகினார். "ஊரெல்லாம் எழும்பித்து. நான் மட்டும் ஏன் கிடக்கன்?"

"சேவை செய்யிறவங்க கடைசியாத்தான் சுகமாகணும்" என்று போர்வையை இழுத்துவிட்டாள் சின்னத்தங்கம்.

புளியந்தீவுப் பட்டணத்திலிருந்து அரசாங்க நிவாரண அதிகாரி வந்து இறங்கினார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். வயல் வட்டையில் ஆட்கள், வாவியில் தோணிகள், வேலியோர ஒழுங்கையில் பிள்ளைகள். பிறகு பெட்டிக்கு வந்தார். அன்று தலைவரின் காய்ச்சல் முறை. நடுக்கத்தில் அவருக்குப் பூட்டே தெரியவில்லை. அதிகாரியின் சேவகன் கோடரியால் நான்கு பூட்டையும் தட்டி உடைத்து மூடியைத் தூக்கினான்.

உள்ளே வைக்கோல்தான் இருந்தது.

வினாயகமூர்த்தியார் விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். அதிகாரி அவற்றைப் பிடித்துக் குலுக்கினார்.

"போன ஊரெல்லாம் பெட்டி நிறைந்து கிடக்கிறது, ஆட்களும் நிறையப் படுத்துக் கிடக்கிறார்கள். இங்கேதான் ஒரு குளிசை மிச்சமில்லை. ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கென்று ஒன்றுகூட எடுக்காமல் நடுங்குகிற தலைவர்களை இன்றைக்குத்தான் கண்டேன். அரிசியும் போர்வையும் இந்த மூவர் பொறுப்பிலேயே வரும்!"

தோணி கரையை விட்டு விலகும்வரை மூவரும் பணிவோடு நின்றார்கள். விலகியதும் மூன்று விரல்கள் மூன்று பக்கம் நீண்டன.

"கள்ளன் நீதான்!"

"நீதான்டா!"

"சத்தம் போடாதீங்க" என்றாள் சின்னத்தங்கம். "பின்பக்கப் பலகையில ரெண்டு ஆணிதான். கையாலயே கழண்டுது. பெட்டி வந்த கிழமையே கழட்டி ஊருக்கெல்லாம் நான்தான் குடுத்தன்."

வினாயகமூர்த்தியாருக்கு நடுக்கம்கூட நின்றுவிட்டது.

"கட்டின புருஷன் நான் கிடந்து சாகிறன். எனக்கு ஏன்டி தரல்ல?"

"நீங்க மூண்டு பேரும் சுகமாகி, ஒண்டா வந்து பெட்டியத் திறந்தா, மறுகா ஊருக்கு மருந்து கிடைக்காதெண்டுதான்."